பொன்னாடை போதும், பங்கைக் கொடுங்கள்

டென்மார்க்கில் பொது நூலக அலமாரியில் ஒரு குழந்தைகள் புத்தகம் இருந்தால், அதை எழுதியவருக்கும் அதற்குப் படம் வரைந்தவருக்கும் அரசு வருஷா வருஷம் பணம் தருகிறது. இது விருது இல்லை. நலிந்த கலைஞர் உதவித்தொகையும் இல்லை. உன் புத்தகத்தை ஊர் முழுக்க காசு கொடுக்காமல் படிக்கிறது, அதற்கு ஈடாக இதை வைத்துக்கொள் என்கிற கணக்கு. இங்குள்ளவர்கள் பேச்சுவழக்கில் 'நூலகப் பணம்' என்பார்கள். 1946-இல் சட்டமானது. உலகத்தில் இதை முதலில் செய்த நாடு டென்மார்க்தான். அடுத்த ஆண்டே நார்வே, 1954-இல் சுவீடன், 1979-இல் பிரிட்டன் என்று தொடர்ந்து, இன்று 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. இந்தியாவில் இல்லை.

நான் எழுத்தாளன் கிடையாது. தென் தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டு, கோபன்ஹேகன் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன். பொண்ணுக்குத் தமிழ்ப் புத்தகம் தேடப் போய்த்தான் இந்த விஷயத்துக்குள் வந்தேன். நம்மில் பலரும் அப்படித்தான். பிள்ளைகள் தமிழ் படிக்கணும் என்று தவிக்கிறோம். வார இறுதியில் முக்கால் மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய் வகுப்பில் விடுகிறோம். ஆனால் அந்த வகுப்பில் கையில் கொடுக்கிற கதையை எழுதியவர் எதை வைத்துச் சாப்பிடுகிறார், அந்த யானைப் படத்தைப் போட்டவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் நான் கேட்டுப் பார்த்ததில்லை.

டென்மார்க் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். 1805-இல் ஓடென்ஸ நகரில் செருப்புத் தைக்கிற தொழிலாளிக்குப் பிறந்தவர். 1835-இல் அவருடைய தேவதைக் கதைகளின் முதல் சிறு புத்தகம் வந்தது. அவருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது 1838-இல். அந்த வருஷம்தான் அரசர் ஆறாம் ஃபிரெடரிக் ஆண்டுக்கு 400 ரிக்ஸ்டாலர் உதவித்தொகை ஒதுக்கினார். கதைகள் ஐரோப்பா முழுக்க மொழிபெயர்க்கப்பட்டன. ஆனால் எல்லை தாண்டிச் செல்லுபடியாகும் காப்புரிமை அன்று இல்லை. டென்மார்க் பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்ததே 1903-இல், ஆண்டர்சன் இறந்து 28 ஆண்டுகள் கழித்து. வெளிநாட்டில் புகழ் மட்டும் வந்துகொண்டிருந்தது, வீட்டு வாடகையைக் காப்பாற்றியது அரசரின் படி.

அந்தக் கதைகளுக்கு முதலில் படம் வரைந்தவர் வில்ஹெல்ம் பீடர்சன். முழுநேர ஓவியர்கூட இல்லை, கடற்படை அதிகாரி. லைப்சிக் நகரத்துப் பதிப்பாளர் ஒருவர் 1849 பதிப்புக்காக 125 படங்கள் கேட்டார், வரைந்து கொடுத்தார். பத்து வருஷத்தில் இறந்துபோனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. இன்றைக்கும் ஆண்டர்சன் கதை என்றால் டேனிஷ்காரர்களின் கண்ணில் வந்து நிற்பது பீடர்சன் போட்ட கோடுகள்தான். உலகத்தில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? ஓவியர் விஷயத்தில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான் போல.

அதன்பிறகு வந்தவர்களையும் பாருங்கள். 1972-இல் ஓவியத்துக்கான ஆண்டர்சன் பதக்கம் வாங்கிய இப் ஸ்பாங் ஓல்சன், ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். ஹால்ஃப்டான் ராஸ்முசன் எழுதி 1967-இல் வந்த எழுத்துப் பாடல் புத்தகத்துக்கு அவர்தான் படம். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலரும் டேனிஷ் எழுத்துகளை அந்தப் புத்தகத்தோடுதான் பழகியிருப்பார்கள். 1976-இல் எழுத்துக்கான பதக்கம் பெற்ற செசில் பொட்கர் முதலில் கற்றது வெள்ளிப் பட்டறை வேலை. 'ரப்பர் டார்ஸான்' என்ற சோனிப் பையனின் கதையை 1975-இல் எழுதி, படமும் தானே போட்ட ஓலெ லுண்ட் கீர்கெகோர் ஒரு பள்ளி ஆசிரியர். 38 வயதில் போய்விட்டார்.

ஆக, குழந்தைகளுக்கு எழுதுகிறவருக்குக் கையில் இன்னொரு தொழில் இருந்தது என்பதில் டென்மார்க்குக்கும் தமிழுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நம் பக்கம் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்தார். பகலெல்லாம் கணக்குப் புத்தகம், மிச்ச நேரத்தில் குழந்தைப் பாட்டு. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியதும் அவர்தான். யாழ்ப்பாணத்தார் ஆடிப்பிறப்பு வந்தால் மறக்காமல் நினைக்கிற நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பள்ளி ஆசிரியர். அண்மைக் காலத்துக்கு வந்தால், 2014-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற ஆயிஷா நடராசன் ஆசிரியர். 2023-இல் 'ஆதனின் பொம்மை'க்காகப் பெற்ற உதயசங்கர் ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். இரவுப் பணியில் ரயிலுக்குக் கொடி காட்டிவிட்டு வந்து குழந்தைகளுக்குக் கதை எழுதியிருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இவர்களை எல்லாம் காப்பாற்றியது வங்கியும் பள்ளிக்கூடமும் ரயில்வேயும். மாசச் சம்பளம் இல்லாத ஒருத்தர் இதே அளவு திறமையோடு இருந்திருந்தால்? அவர் பெயர் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். நிறைய பேர் அப்படிப் போயிருப்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

ஓவியர்களின் கதை இன்னும் கஷ்டம். அம்புலிமாமா படித்து வளர்ந்த எல்லாருக்கும் அந்தப் படம் மனசில் இருக்கும்: கையில் வாள், தோளில் வேதாளம், சுடுகாட்டு வழியே நடக்கிற விக்ரமன். வரைந்தவர் சங்கர் என்கிற கே. சி. சிவசங்கரன். 1924-இல் தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, 1952-இல் அம்புலிமாமாவில் சேர்ந்தார். பல பத்தாண்டுகள் அங்கேயே வரைந்தார். அந்தப் பத்திரிகை பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. சென்னையில் உட்கார்ந்து ஒரு தடவை போட்ட படம் தெலுங்கில், இந்தியில், ஒரியாவில், சிங்களத்தில் எல்லாம் அச்சானது. அவர் சம்பள ஓவியர். மாசம் தவறாமல் சம்பளம் வந்தது என்பதே அந்தத் தொழிலில் பெரிய அதிர்ஷ்டம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் படம் பத்திரிகையின் சொத்து, வரைந்தவருடையது இல்லை. 2007-இல் நிறுவனம் கைமாறியது, சில வருஷத்தில் பத்திரிகையும் நின்றது. சங்கர் 2020 செப்டம்பரில் காலமானார். நாலு மாசம் கழித்து, 2021 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

நம்ம ஊர் மரியாதை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வந்து சேர்கிறது. உயிரோடு இருக்கும்போது பொன்னாடை, போன பிறகு பட்டம். தமிழ்நாட்டில் நூல்களை நாட்டுடைமை ஆக்கும் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. 1949-இல் பாரதி பாடல்களில் தொடங்கிய மரபு. அரசு ஒரு தொகை கொடுக்கும், நூல்கள் எல்லாருக்கும் பொதுவாகும். ஆனால் அந்தத் தொகை பெரும்பாலும் போய்ச் சேருவது மகன், மகள், பேரன் கையில். எழுதினவர் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் மின்கட்டணம் கட்ட அது உதவவில்லை. பால சாகித்ய புரஸ்காரும் அப்படித்தான். 2010-இலிருந்து ஆண்டுக்கு மொழிக்கு ஒருவருக்கு 50,000 ரூபாய். நல்லதுதான், ஆனால் கிடைப்பது வாழ்நாளில் ஒரு தடவை, அதுவும் ஒருத்தருக்கு. எழுதிக்கொண்டே இருக்கிற மற்ற எல்லாருக்கும் ஒரு பொன்னாடை. அலமாரியில் பத்துப் பொன்னாடை இருக்கிற எழுத்தாளரைக் கேட்டுப் பாருங்கள், அதை மளிகைக் கடையில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

இங்கே பள்ளிக்கூடத்துக்கு ஒரு எழுத்தாளரைக் கூப்பிட்டால் கட்டணம் கொடுப்பது வழக்கம். குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவருக்குக் கொடுக்கிற மாதிரி, ரசீது போட்டு. 1894-இல் தொடங்கிய டேனிஷ் எழுத்தாளர் சங்கம் இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் இருக்கிறது. அதுபோக அரசுக் கலை நிதியத்திலிருந்து மூன்றாண்டு வேலை உதவித்தொகை உண்டு. வாழ்நாள் கௌரவத் தொகை பெறுகிற 275 கலைஞர்கள் பட்டியல் ஒன்றும் உண்டு, ஒருவர் இறந்தால் அந்த இடத்துக்கு இன்னொருவர். இத்தனையும் இருந்தும் டேனிஷ் குழந்தை எழுத்தாளர்கள் எல்லாரும் வசதியாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 60 லட்சம். சென்னை மாநகரத்தைவிடச் சின்னச் சந்தை. புத்தகத்துக்கு 25 சதவீத வரி வேறு. அதை எடுத்துவிடுவதாக 2025-இல்தான் அரசு அறிவித்தது. பலர் இன்னும் ஆசிரியர் வேலையோ விளம்பர ஓவியமோ செய்துகொண்டுதான் எழுதுகிறார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை நூலகப் பணம் வருகிறது. புதுப் புத்தகம் எதுவும் எழுதாத வருஷத்திலும் வருகிறது. அடுத்த புத்தகத்துக்கு இரண்டு மாசம் ஒதுக்க அது போதுமாக இருக்கிறது என்றால் அதுவே பெரிய விஷயம்.

இது தானாக வந்ததும் இல்லை. தித் யென்சன் என்ற நாவலாசிரியை, நோபல் பரிசு பெற்ற யோஹானஸ் யென்சனின் தங்கை, 1918 வாக்கிலேயே குரல் கொடுக்க ஆரம்பித்தார். நூலகத்தில் ஆயிரம் பேர் படிக்கிற புத்தகத்துக்கு ஆசிரியருக்கு ஒரே ஒரு பிரதியின் காசுதானா என்பது அவர் கேள்வி. பெண்களின் குடும்பக் கட்டுப்பாட்டு உரிமைக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசி வசவு வாங்கிய பெண்மணி அவர், இதற்கும் கொஞ்சம் வாங்கியிருப்பார். அவர் கேட்டதற்கும் சட்டம் வந்ததற்கும் நடுவில் 28 வருஷம், ஒரு உலகப் போர்.

இப்போது ஒரு மென்பொருள்காரனாக எனக்குப் பிடித்த பகுதி. நூலகப் பணத்தைக் கணக்கிட இரண்டு வழி இருக்கிறது. பிரிட்டன் மாதிரி எத்தனை தடவை இரவல் போனது என்று எண்ணலாம். டென்மார்க் அப்படிச் செய்வதில்லை. நாடு முழுக்க உள்ள பொது நூலகங்களிலும் பள்ளி நூலகங்களிலும் ஒரு புத்தகத்துக்கு எத்தனை பிரதி இருக்கிறது என்பதுதான் இங்கே அடிப்படை. மொழிபெயர்ப்பாளருக்கும் ஓவியருக்கும் அதில் பங்கு உண்டு. பெருந்தொகை பெறுகிறவர்களுக்கு ஒரு எல்லைக்குமேல் வெட்டு விழும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய முடியாது, ஒவ்வொரு கிளை நூலகத்திலும் கணினி எங்கே இருக்கிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். இரவலை எண்ணுவதாக இருந்தால் அந்தப் பேச்சு நியாயம். பிரதியை எண்ணுவதற்கு அது தேவையே இல்லை. தமிழ்நாட்டில் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குவது பொது நூலகத் துறை. எந்தத் தலைப்பில் எத்தனை பிரதி வாங்கினோம் என்பது அவர்களிடமே ஆணையாக, பட்டியலாக இருக்கிறது. அந்தப் பட்டியல்தான் நமக்கு வேண்டிய தரவுத்தளம். முழுக்கச் சரியாக இருக்காது, சில பிரதிகள் மழையில் நனைந்திருக்கும், சிலதைக் கரையான் தின்றிருக்கும். பரவாயில்லை, ஆரம்பிக்க அது போதும்.

பணம் எங்கிருந்து வரும்? அதற்கும் புது வரி வேண்டாம். 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் இந்தியாவுக்கே முன்னோடி. ஊரில் வீடு வைத்திருக்கிற நீங்களும் நானும் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருப்பார்கள். 4,000-க்கும் அதிகமான நூலகங்கள் அதில் நடக்கின்றன. கட்டடத்துக்கு, சம்பளத்துக்கு, புத்தகம் வாங்க என்று அந்த வரியில் எல்லாருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் நேரடியாக எதுவும் இல்லை. பதிப்பகம் நேர்மையாக இருந்தால் ராயல்டி வரும். அதுவும் பல ஓவியர்களுக்குக் கிடையாது. படத்துக்கு இவ்வளவு என்று ஒரு தடவை கையில் கொடுத்து முடித்துவிடுகிறார்கள்.

குழந்தைகள் புத்தகத்தில் மட்டும் தொடங்கலாம் என்பது என் யோசனை. தொகை சின்னது, சோதித்துப் பார்க்க வசதி. ஒரு படக்கதைப் புத்தகம் 1,000 நூலகத்தில் இருக்கிறது, பிரதிக்கு ஆண்டுக்கு இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய். ஆளுக்குப் பாதி. இருபது புத்தகம் போட்ட ஒருவருக்கு வருஷத்துக்கு 20,000 ரூபாய் வரும். பெரிய காசு இல்லை, ஆனால் யாரிடமும் கைகட்டி நிற்காமல் வருகிற காசு. ஒன்று மட்டும் கவனமாக இருக்கணும்: பக்க எண்ணிக்கையை அளவுகோல் ஆக்கக்கூடாது. நூலகக் கொள்முதலில் பாரத்துக்கு இவ்வளவு என்று விலை போடுகிற பழக்கத்தால் அடிபட்டது வண்ணப் படப் புத்தகங்கள்தான். 24 பக்கம் வண்ணத்தில் வரைய ஒரு ஓவியருக்கு நாலைந்து மாசம் ஆகலாம். அதை 24 பக்கம் என்று மட்டும் பார்த்தால் அது அநியாயம்.

சென்னையில் எல்லாமே மோசம் என்றும் இல்லை. பள்ளிக் கல்வித் துறை 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று மாணவர் இதழ்கள் நடத்துகிறது. தாரா பதிப்பகம் வெளியிட்ட கோண்டு ஓவியர்களின் மரங்கள் பற்றிய புத்தகத்தில் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரின் பெயரும் அட்டையிலேயே இருக்கிறது. 2008-இல் பொலோன்யா பரிசும் வாங்கியது. ஓவியர் பெயரை அட்டையில் போட்டால் விற்பனை குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

சரி, இங்கிருந்து நமக்கு என்ன வேலை? டென்மார்க்கில் உள்ள தமிழர்களில் பெரும்பாலோர் 1980-களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, ஹெர்னிங், கிரின்ஸ்டெட் மாதிரி யூட்லாண்ட் ஊர்களில் தொழிற்சாலை வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். 2002-இல் எங்களை மாதிரி ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்துவது நகராட்சிகளின் கடமை இல்லை என்று ஆனபோது, அந்த அண்ணன்மாரும் அக்காமாரும்தான் சொந்தக் காசில், இரவல் வகுப்பறையில் தமிழைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது, என் பொண்ணு போய் உட்கார்ந்தாள். அவர்களைக் குறை சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆகணும். நம் வகுப்புகளில் ஓடுவது பெரும்பாலும் நகல் எடுத்த தாள்கள். வாட்ஸ்அப் குழுவில் 'குழந்தைகளுக்கான 200 தமிழ்க் கதைப் புத்தகங்கள்' என்று ஒரு பிடிஎஃப் மூட்டை சுற்றி வருகிறது. எல்லாம் வருடிய பக்கங்கள். பலதில் முதல் பக்கத்தையே காணோம், யார் எழுதினது என்பதுகூடத் தெரியாது. போன வருஷம் ஒரு கூட்டத்தில் இதை எடுத்தபோது, "தம்பி, தமிழை வளர்க்கத்தானே செய்யிறம்" என்றார் ஒரு ஐயா. அவர் மனசு சுத்தம், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு டேனிஷ் படக்கதைப் புத்தகத்துக்கு 150, 200 குரோனர் யோசிக்காமல் கொடுக்கிற நாம், அந்தக் காசில் ஏழெட்டுப் புத்தகம் கிடைக்கிற தமிழுக்கு மட்டும் ஏன் இலவசம் தேடுகிறோம்? அடக்க விலையைவிட அஞ்சல் செலவு கூடுதல் என்பார்கள். உண்மைதான். நாற்பது வீட்டுக்குச் சேர்த்து ஒரே பெட்டியாக வரவழைத்தால், ஊருக்குப் போய் வருகிறவர் பெட்டியில் ஐந்து கிலோ ஒதுக்கினால் அதுவும் தீரும். ஊறுகாய்க்கு ஒதுக்குகிறோம் இல்லையா?

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. டேனிஷ் நூலகப் பணம் டேனிஷ், ஃபாரோ, கிரீன்லாந்து மொழிப் புத்தகங்களுக்குத்தான். இங்கேயே இருந்து தமிழில் எழுதினால் அதில் ஒரு காசு வராது. சின்ன மொழியைக் காப்பாற்றக் கொண்டுவந்த ஏற்பாடு, அதனால் அதில் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் மொழிக்கு அவர்கள் செய்கிறார்கள், நம் மொழிக்கு நாம்தானே செய்யணும். ஆனால் அம்மம்மா சொன்ன நரிக் கதையை நீங்கள் டேனிஷில் எழுதிப் படமும் போட்டால், உங்களுக்கும் அந்தப் பங்கு உண்டு. வரையத் தெரிந்த பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாரையும் மருத்துவத்துக்கும் கணினிக்கும் தள்ளி விடுகிறோம். நானும் தள்ளப்பட்டவன்தான், அது வேறு கதை.

இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் நகல் தாளைக் குறைத்து, பெற்றோர் ஆளுக்கு 100 குரோனர் போட்டுப் புத்தகம் வாங்குவதாக முடிவாகியிருக்கிறது. பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில். தலைப்பு, எழுத்தாளர், பதிப்பகம், விலை என்று வழக்கமான கட்டங்களோடு 'ஓவியர்' என்று ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறேன். பதிப்பகங்களின் விலைப்பட்டியலில் அது இல்லை. ஒவ்வொருவருக்கும் தனியாக அஞ்சல் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.